குறைந்த செலவில் இரும்புச் சத்து

விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லும் பெண்களுள் பலர், மூச்சு வாங்குவதையும் தலை சுற்றுவதையும் வேலைக் களைப்பென்றே எண்ணிவிடுகின்றனர். அவை இரத்தச்சோகையின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு இரத்தச்சோகை இருந்தது.

உடலெங்கும் பிராணவாயுவைக் கொண்டு செல்பவை இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள். அவை உருவாக இரும்புச் சத்து இன்றியமையாதது. அது குறைந்தால் உழைக்கும் வலிமை குன்றும். பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் சிதறும். கருவுற்ற தாய்மார்களுக்குக் குறைப்பிரசவம் நேரும் வாய்ப்பு மிகும்.

இதற்கு விலையுயர்ந்த சத்து மாவுகள் தேவையில்லை. பருப்பு, பயறு, தெம்பே, நெத்திலி, டின் சார்டின், வேலியோர முருங்கைக்கீரை ஆகியவற்றிலேயே இரும்புச் சத்து உண்டு. ஆயினும், கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போமாக:

1. கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழிக. அல்லது உணவுடன் கொய்யாப்பழம் உண்க. இவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும்.

2. கீரையுடனும் பருப்புடனும் சிறிதளவு மீனையேனும் சேர்த்துக்கொள்க. மீனிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். பிற உணவின் இரும்பை ஏற்கவும் அது உதவும்.

3. சோறு உண்ணும்போது தேநீரோ காப்பியோ அருந்தாதீர்கள். அவை இரும்பைத் தடுத்துவிடும். உண்டு ஒரு மணி நேரம் கழித்து அருந்துங்கள்.

4. களைக்கொல்லி தெளிக்கப்பட்ட இடங்களில் கீரை பறிக்காதீர்கள்.

மற்றொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். வீட்டார் அனைவரும் உண்ட பின், எஞ்சிய குழம்பை மட்டும் ஊற்றி உண்ணும் வழக்கம் நம் தாய்மார்கள் பலரிடம் உள்ளது. மாதவிலக்காலும் மகப்பேற்றாலும் அவர்களுக்கே இரும்புச் சத்து மிகுதியாகத் தேவைப்படுகிறது. மீனைப் பங்கிடும்போது தாயின் பங்கை முதலில் எடுத்து வைப்பது குடும்பத்தாரின் கடமையாகும்.

அறிகுறிகள் தொடர்ந்தால், அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருவுற்றோர் அங்கு வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும்; அவற்றையும் தேநீருடன் விழுங்குதல் ஆகாது.

தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. இன்றைய உணவிலிருந்தே அதனைத் தொடங்குவோம்.