சிரிப்பு யாரைப் பார்த்து?

2010இல் வெளிவந்த ‘டேங்கல்ட்’ என்னும் உயிரோவியப் படத்தில், கோத்தல் என்பவள் ராபன்செலைக் கோபுரத்தில் அடைத்து வைத்துத் தாயாக நடிக்கிறாள். கண்ணாடிமுன் இருவரும் நிற்கும்போது, அழகும் துணிவும் மிக்க பெண்ணொருத்தி தெரிவதாகக் கூறுகிறாள். ராபன்செல் மகிழ்வதற்குள், தன்னையே சொன்னதாகக் காட்டிச் சிரிக்கிறாள். உடல் பருமனையும் கேலி செய்கிறாள். முகம் வாடினால், விளையாட்டுக்குத்தான் என்ற சமாதானம் வேறு! தன்னம்பிக்கை இழந்த பெண் கோபுரத்தைவிட்டுப் போகமாட்டாள் என்பதே அவள் கணக்கு. இதைப் படம் தெளிவாகவே காட்டுகிறது.

ஆனால், அதே படத்தில் கோத்தலின் கொடுமை சுருங்கிய தோலாகவும் நரைத்த முடியாகவும் வெளிப்படுகிறது. மதுக்கடையில் தோன்றும் குள்ளமான முதியவரோ சிரிப்பூட்டுவதற்கே வந்து போகிறார். பெண்ணைப் புண்படுத்தும் கேலியை உணர்ந்த படம், முதுமையைப் பார்த்துச் சிரிக்கத் தயங்கவில்லை.

2009இல் வந்த ‘அப்’ படத்திலும் முதுமை சிரிப்பூட்டுகிறது. 78 வயது கார்ல், மாடிப்படியோரம் நகரும் நாற்காலியில் மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்குகிறார். சண்டையின் நடுவே முதுகு பிடித்துக்கொள்கிறது. எனினும், மனைவியை இழந்த அவரது துயரத்தை முன்பே கண்டுவிட்டதால், பார்ப்பவரின் சிரிப்பில் இகழ்ச்சி இல்லை. பலூன்களைக் கட்டி, வீட்டையே தென் அமெரிக்காவுக்குப் பறக்கவிடுபவரும் அவர்தாம்.