பேஸ் கிட்டார் சொல்லிச் செய்விக்கிறீர்களா?

மரத்தின் நிறத்தை யோசிக்கும் முன் ஸ்கேல் நீளத்தை முடிவு செய்யுங்கள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் தந்தியின் நீளம் அது. 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்ததிலிருந்து 34 அங்குலம்தான் வழக்கம். சிறிய கை உள்ளவர்களுக்கு 30 அங்குலம் வசதி. ஐந்து தந்தி வேண்டுமென்றால் 35 அங்குலத்தையும் வாசித்துப் பாருங்கள். அடித் தந்தியான 'பி' தொளதொளக்காமல் நிற்கும்.

எடையை அலட்சியம் செய்யாதீர்கள். 4 கிலோவைத் தாண்டினால் நீண்ட கச்சேரியில் தோள் கெஞ்சும். வார் மாட்டி நிற்கையில் கழுத்துப் பக்கம் கீழே சாயக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கழுத்தின் அகலத்தையும் தடிமனையும் வாயால் விளக்குவது வீண். உங்கள் கைக்குப் பிடித்த ஒரு கிட்டாரைக் கொண்டுபோய் அளந்துகொள்ளச் சொல்லுங்கள். செய்பவருக்கு அதைவிடத் தெளிவான குறிப்பு கிடையாது. பிக்கப்பைப் பிறகுகூட மாற்றிக்கொள்ளலாம். கழுத்து அவ்வளவு எளிதல்ல.

அளவுகள், மரம், விலை, தரும் தேதி எல்லாம் முன்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் இருக்கட்டும். மரத்தை அறுத்த பின் மனம் மாறினால் செலவு உங்கள் தலையில்தான். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு கம்பியின் சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். காற்றின் ஈரப்பதம் மாறும்போது கழுத்து வளையும். அதை நிமிர்த்த அந்தச் சாவி வேண்டும்.