கல்வராயன் மலைக்குக் கிளம்பும் முன் கோமுகி அணையைப் பாருங்கள்

கல்வராயன் மலை அருவிகளுக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் மாதம் சொல்வதில்லை. பேப்பரில் கோமுகி அணையின் நீர்வரத்தைப் பாருங்கள் என்பேன். கச்சிராயபாளையத்தை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கும் இந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 46 அடி. பொட்டியம், கல்படை ஆறுகள் மலைத் தண்ணீரைக் கொண்டுவந்து இதில் சேர்க்கின்றன. மழைக்காலத்தில் பாதுகாப்பு கருதி 44 அடியிலேயே நிறுத்திவிட்டு, மேற்கொண்டு வருவதை ஆற்றில் திறந்துவிடுவார்கள். ஆகவே மேலே மழை எப்படி என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. நீர்வரத்தே இல்லை என்றால் அருவியில் ஈரப் பாறைதான் இருக்கும். நாலைந்து நாளாக ஒரே அளவில் வந்துகொண்டிருந்தால் கிளம்பலாம். உபரி நீர் திறப்பு, கரையோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கை என்று செய்தி வந்தால் வீட்டிலேயே இருங்கள். ‘அருவி செமையா கொட்டும்’ என்று அன்றைக்குப் பார்த்துக் கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பொதுவாகச் சொன்னால், ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை. ஜனவரியில் தண்ணீர் மெலிந்திருக்கும், நடக்க அதுதான் சுகம். மார்ச்சுக்கு மேல் அருவி என்ற பேச்சே வேண்டாம். மழை விட்டு இரண்டு முழு நாள் கழித்துத்தான் மலை ஏற வேண்டும் என்பது என் சட்டம்.

வழி எளிது. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்கிருந்து மலைச்சாலை, கரியாலூர், வெள்ளிமலை. அரசுப் பேருந்து உண்டு. பெரியார் அருவி இந்தச் சாலையை ஒட்டியே இருப்பதால் குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்கு அது போதும். கரியாலூரில் படகுக் குழாம், பூங்கா, வனத்துறை ஓய்வு விடுதி எல்லாம் உண்டு. கோடை விழா கூட்டத்தில் போய் நிற்பதைவிட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போவது ஆயிரம் மடங்கு மேல்.

மேகம், கவியம் போன்ற அருவிகளுக்கு நடக்க வேண்டும், ஆள் துணையும் வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ நடந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. காப்புக்காட்டுக்குள் போவதென்றால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். அப்படியே மேலே சிற்றூரில் டீக்கடையில் உட்கார்ந்து, வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள்தான் இங்கே பெரும்பான்மை. ஓடை எங்கே பிரிகிறது, எந்தப் பாறை வழுக்கும் என்று அவர்களுக்கு அத்துப்படி. கூலியைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், பேரம் பேசாதீர்கள், மதியச் சாப்பாடு அவருக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். “மேல மழை புடிச்சிருக்குங்க, இன்னிக்கி வேணாம்” என்று அவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. ‘அண்ணே, ஒரு பத்து நிமிஷம் மட்டும்’ என்று கெஞ்சுகிற கோஷ்டியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

துணை இல்லாமல் ஒற்றையடிப் பாதைகளில் இறங்கக் கூடாது என்பதற்கு வழி தவறுவது மட்டும் காரணமில்லை. இந்த மலையில் சாராயம் காய்ச்சுவது பழைய கதை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு போலீஸ் சோதனை கடுமையாகிவிட்டது. ஊறல் போடத் தண்ணீர் வேண்டும், அதனால் மறைவான ஓடையோரம்தான் அதற்கு இடம். புதருக்குள் பிளாஸ்டிக் பேரலோ ரப்பர் குழாயோ கண்ணில் பட்டால் செல்போனை எடுக்காதீர்கள், வந்த வழியே திரும்பி நடங்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் எதையும் கொண்டுபோகவும் வேண்டாம், அது வெறும் மோராக இருந்தாலும் சோதனைச் சாவடியில் வண்டி ஓரம் கட்டப்படும்.

இனி தண்ணீர். எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான்.

2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே, இதே கல்வராயன் மலைத் தண்ணீர் இறங்கும் ஆனைவாரி முட்டல் அருவியில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். திடீரென்று வெள்ளம் வந்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் பாறையோரம் சிக்கிக்கொண்டார். ஆட்கள் பாறை மேலேறிக் கயிறு கட்டி அவரையும் குழந்தையையும் மீட்டார்கள். மீட்கப் போனவர்களில் இருவர் தண்ணீரில் விழுந்து நீந்திக் கரையேறினார்கள். முதலமைச்சர் அவர்களைப் பாராட்டினார். அவர்கள் தைரியத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, வெள்ளம் எப்படி வந்தது என்று யாரும் பேசவில்லை. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத சரிவில் ஒரு மணி நேரம் மழை கொட்டியிருக்கும். பாறைச் சரிவு தண்ணீரைக் குடிக்காது, அப்படியே கீழே தள்ளிவிடும்.

அதனால் முதலில் இடம் பார்த்து உட்காருங்கள். எந்தக் கரை வழியாக வந்தீர்களோ அந்தக் கரையிலேயே பையை வையுங்கள், அங்கேயே குளியுங்கள். கணுக்கால் தண்ணீர்தானே என்று அக்கரைக்குப் போய்ச் சோற்று மூட்டையைப் பிரிக்கும் குடும்பங்களை ஒவ்வொரு அருவியிலும் பார்க்கலாம். போகும்போது கணுக்கால் அளவில் இருந்த தண்ணீர் திரும்பும்போது இடுப்பளவு ஆகிவிட்டால் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

அடுத்தது, தண்ணீரின் ஓரம் பாறையைத் தொடும் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிடுங்கள். அரட்டைக்கு நடுவே அவ்வப்போது அதைப் பாருங்கள். கல் நனைந்திருந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம், எல்லோரையும் வெளியே கூப்பிடுங்கள். தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் இரைச்சல் கனப்பது ஆகியவற்றில் ஒன்று நடந்தாலும் போதும், மூன்றும் நடக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். துணிமணி, செருப்பு, செல்போன் ஸ்டாண்டு எல்லாம் போகட்டும். பக்கவாட்டில் மேடேறுங்கள், ஓடையோடு கீழ்நோக்கி ஓடினால் வெள்ளம் உங்களை முந்திக்கொள்ளும். ஒருவேளை அக்கரையில் சிக்கிக்கொண்டால் கடக்க முயலாமல் மேட்டில் உட்காருங்கள். சின்ன ஓடைகளில் மழை விட்டதும் சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். பசிக்கும், குளிரும், அவ்வளவுதான்.

பாறையில் வழுக்காமல் இருக்க ஒரு குறுக்கு வழி உண்டு. ஷூவுக்கு மேல் பழைய பருத்தி சாக்ஸை மாட்டிக்கொண்டு நடந்தால் பாசியில் நன்றாகப் பிடிக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். அருவிக்குக் கீழே உள்ள மடுவில் தலைகீழாகக் குதிப்பது தற்கொலை. ஆழம் போன மாதம் இருந்தது போல இந்த மாதம் இருக்காது. வெள்ளம் பாறையை உருட்டி உள்ளே போட்டிருக்கும்.

சைக்கிள்காரர்களுக்குச் சில வார்த்தைகள். கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணை வரை சமதளம்தான், பழகுகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் இருட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் நன்றாக விடிந்த பிறகே கிளம்புங்கள். நெடுஞ்சாலைப் பக்கம் போகவே வேண்டாம்.

மலைச்சாலையில் ஏறும்போது கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. எதிரே வண்டி இல்லையென்றால் அகலமாக வெளிவட்டத்தில் திருப்புங்கள், தொடை மிச்சமாகும். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். ரிம் பிரேக் என்றால் நடுவில் நின்று சக்கரத்து ரிம்மை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் பத்து நிமிடம் நில்லுங்கள். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையிலேயே கதிரைப் பரப்பியிருப்பார்கள், அதன்மேல் பிரேக் போட்டால் சறுக்கும். தாராளமாக இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

நல்ல தெம்புள்ளவர்கள் வெள்ளிமலையிலிருந்து சேலம் மாவட்டத்துக் கருமந்துறைக்குப் போய், தும்பல் வழியாக வாழப்பாடியில் இறங்கலாம். கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. அந்தப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கும் லாரிகளுக்கு எப்போதும் வழி விட்டுவிடுங்கள். திரும்புவதற்கு சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையில் வாழப்பாடியிலும் சின்னசேலத்திலும் நிலையம் உண்டு; வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேலே செல்போன் சிக்னலை நம்ப முடியாது, ஜி-பே எல்லா இடத்திலும் ஓடாது. ரொக்கம், முழு டேங்க் பெட்ரோல், டார்ச் போதும். மாலை ஐந்து மணிக்குள் மலையை விட்டு இறங்கி, கோமுகி அணையைத் தாண்டிவிடுங்கள். பாட்டிலை மட்டும் பாறையில் உடைத்துவிட்டு வராதீர்கள்; உங்களுக்கு வழி காட்டியவரின் பிள்ளைகள் அந்தப் பாறையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.