சந்திரன் பஞ்சாங்கம் படிப்பதில்லை

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய எக்செல் தாளைப் பார்த்தேன். ஐந்து வருஷப் பங்கு விலைகளின் மேல் உன் சூத்திரத்தின் கோடு அச்சு அசலாகப் படிந்திருக்கிறது. "அடுத்த மாசத்தையும் இது சொல்லிவிடும்தானே மாமா?" என்று கேட்டிருக்கிறாய். அது அவ்வளவு கச்சிதமாகப் படிந்ததுதான் எனக்குக் கவலை.

வரைபடத் தாளில் இடமிருந்து வலமாக, ஏற்ற இறக்கமாய்ப் பத்துப் புள்ளி வை. பத்தையும் பிசகாமல் தொட்டுச் செல்ல ஒன்பது படிக்கு மேற்போகாத ஒரு பல்லுறுப்புக் கோவை கட்டாயம் கிடைக்கும். பதினோராவது புள்ளி எங்கே என்று அதைக் கேட்டால் வானத்தையோ பாதாளத்தையோ காட்டும். நடந்ததற்குப் பொருந்துவது வேறு, நடக்கப்போவதைச் சொல்வது வேறு.

கிரகணத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்களே என்பாய். சந்திரன் பஞ்சாங்கம் படிப்பதில்லை, சந்தை படிக்கும். இன்று 100 ரூபாய்க்குப் போகும் பங்கு நாளை 110 ஆகும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், இன்று 100க்கு எவன் விற்பான்? விலை இன்றைக்கே ஏறிவிடும். நாளைய விலையை அசைக்க மிச்சமிருப்பது யாரும் எதிர்பாராத செய்தி மட்டும்தான்.

இதை 1900லேயே பாரிஸில் லூயி பஷலியே தன் முனைவர் பட்ட ஆய்வில் கணிதமாக்கினார். திரவத்தில் துகள்கள் தாறுமாறாக அலையும் பிரவுனியன் இயக்கத்துக்கு ஐன்ஸ்டைன் இதே மாதிரிக் கணிதம் எழுதியதற்கு ஐந்து வருஷம் முந்தி! சூதாடியாய்ச் சந்தையில் இறங்குபவனின் எதிர்பார்ப்பு லாபம் பூஜ்யம் என்றார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாவிட்டாலும் எவ்வளவு தூரம் அலையும் என்று சொல்லலாம். அந்த அலைச்சல் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். ஒரு நாளைக்குச் சுமார் 1 சதவீதம் அலையும் பங்கு, 100 நாளில் அலைவது சுமார் 10 சதவீதம். 1973இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரமும், பங்கைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷனுக்கு விலை சொல்லும்போது, பங்கு ஏறுமா இறங்குமா என்று கேட்பதே இல்லை. எவ்வளவு ஆடும் என்றுதான் கேட்கிறது.

அந்த அளவுகோலும் சமயத்தில் பொய்க்கும். 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் அமெரிக்கப் பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் 22.6 சதவீதம் விழுந்தது. சின்ன ஆட்டமே அதிகம், பெரிய ஆட்டம் மிக அபூர்வம் என்னும் மணி வடிவ வளைவை நம்பினால், பிரபஞ்சத்தின் ஆயுளில் ஒருமுறைகூட நடக்கக்கூடாத சரிவு அது. அந்த ஆப்ஷன் கணக்குக்காக 1997இல் நோபல் பரிசு பெற்ற ஷோல்ஸும் மெர்ட்டனும் பங்குதாரர்களாக இருந்த எல்.டி.சி.எம். நிதியம், மறு வருஷமே ரஷ்யா கடனைத் திருப்ப முடியாமல் கைவிரித்ததும் ஆட்டம் கண்டது. வங்கிகள் கூடி 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப் பிடித்தன.

ஜெயித்தவரே இல்லையா? கணிதப் பேராசிரியராக இருந்த ஜிம் சைமன்ஸ் ஜெயித்தார். ஒரு பங்கின் தலைவிதியை அவர் கணிக்கவில்லை. காசு பெறாத அளவு சின்னச் சாதகங்களைத் தேடி, எண்ணற்ற முறை வாங்கி விற்றார். சூத்திரத்தை ஊருக்குச் சொல்லவுமில்லை, சொல்லியிருந்தால் செத்திருக்கும்.

நம் நாட்டுக் கணக்கையும் கேள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியே சொல்கிறது.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். முதல் மூன்று வருஷ விலைகளை மட்டும் வைத்துச் சூத்திரத்தைக் கட்டு. மீதி இரண்டு வருஷத்தை அதற்குக் காட்டாமல் சோதித்துப் பார். தரகும் வரியும் கழி. அதிலும் தேறினால், அடுத்த ஆறு மாசம் தினமும் காலையில் கணிப்பையும் மாலையில் விலையையும் நோட்டில் எழுது. ஒரு ரூபாய்கூடப் போடாதே. நோட்டை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா