எழும்பும் கூரையும் நம் பாடப்புத்தகமும்



மொமெண்ட், காற்றழுத்தம், உலோக அரிப்பு என்று தனித்தனிப் பாடமாகப் படித்து, தனித்தனியாகவே பரீட்சை எழுதுகிறோம். இவை எல்லாம் ஒரே பொருளில் ஒன்று சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமா? சிறிய பாய்மரப் படகின் "பாப்-டாப்" கூரையைப் பாருங்கள்.

அமெரிக்காவில் காரின் பின்னால் டிரெய்லரில் வைத்து ஏரிக்கும் கடலுக்கும் இழுத்துப்போகும் சிறு படகுகள் உண்டு. ஃபிராங்க் பட்லர் வடிவமைத்த காட்டலீனா 22 அவற்றில் புகழ்பெற்றது. நீளம் 21 அடி 6 அங்குலம், அகலம் 7 அடி 8 அங்குலம். இதுவரை 15,000-க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டுள்ளன. ரோஜர் மெக்ரிகரின் நிறுவனமும் கலிபோர்னியாவில் இப்படிப் பல படகுகளைக் கட்டியது.

இந்தப் படகுகளின் கேபின் தாழ்வாகத்தான் இருக்கும். உயரமாகக் கட்டினால் காற்று எதிர்ப்பு கூடும், எடை மேலே போகும், பாயின் கீழ்க்கட்டையான பூமையும் உயர்த்த வேண்டிவரும். தாழ்வாக இருந்தாலோ உள்ளே நிமிர முடியாது. அதற்குக் கண்ட வழிதான் பாப்-டாப். கூரையின் நடுவே பெரிய திறப்பு, அதன்மேல் பானை மூடி மாதிரி ஒரு ஃபைபர் மூடி. ஓடும்போது மூடி கீழே, நங்கூரம் போட்டதும் மேலே. சில படகுகளில் நான்கு கால்களில் நேராக எழும்பும். சிலவற்றில் ஒரு பக்கம் கீல் இருக்கும்.

1. பராமரிப்பு

முதல் எதிரி தண்ணீர். பார்க்க முழு ஃபைபர் போலத் தெரிந்தாலும், பல படகுகளில் கூரையின் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். எடை குறைவு, விறைப்பு அதிகம். ஆனால் ஒரு ஸ்குரூ துளை ஒழுகினால் போதும், உள்ளே மரம் ஊறி மக்க ஆரம்பிக்கும். சொத்தைப் பல் மாதிரி, வெளியே பளபளப்பு, உள்ளே ஒன்றும் இருக்காது.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு நாணயத்தால் கூரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென்று கேட்கும். கெட்ட இடத்தில் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும்.

துளையைக் காப்பாற்ற ஒரு முறை உண்டு. 6 மி.மீ. போல்ட் என்றால் முதலில் 12 மி.மீ. துளை போட வேண்டும். மரம் நன்றாகக் காய்ந்தபின் கெட்டியாக்கிய எபாக்சியால் அதை அடைக்க வேண்டும். இறுகியபின் அதன் நடுவில் மறுபடி 6 மி.மீ. துளை. இப்போது போல்டைச் சுற்றி எபாக்சி வளையம் நிற்கும். சீலன்ட் என்றாவது தோற்றாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

சீலன்ட்டிலும் கவனம் வேண்டும். சிலிக்கோன் தடவிய இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் பிடிக்காது. பாலிசல்ஃபைடு கூரைக்கு நல்லதுதான், ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னல்களைக் கெடுத்துவிடும். பிற்பாடு கழற்ற வேண்டிய உறுப்புகளுக்கு பியூட்டைல் டேப் வசதி.

அடுத்தது அரிப்பு. அலுமினியக் காலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ, நடுவில் உப்புத்தண்ணீர் என்றால் அது ஒரு பேட்டரி. கரைவது அலுமினியம். நைலான் வாஷரும், மரையில் நல்ல கிரீஸும் வைத்தால் அரிப்பு வெகுவாகக் குறையும். கடல் படகுக்கு 304-ஐவிட 316 ரக ஸ்டீல் ஏற்றது.

2. மாற்றம்

கனமான மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே காலைப் பொருத்துவது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. அதனால் கீல் வகை மூடிக்குப் பலர் கேஸ் ஸ்ட்ரட் போடுகிறார்கள். கார் டிக்கியில் பார்த்திருப்பீர்கள். எத்தனை நியூட்டன் வாங்குவது? கணக்குப் போடுவோம்.

மூடி 20 கி.கி., நீளம் 1.2 மீ. என்று வைத்துக்கொள்வோம். எடை 196 நியூட்டன். அது கீலிலிருந்து 0.6 மீ. தூரத்தில் செயல்படும். மூடிய நிலையில் மொமெண்ட் சுமார் 118 நியூட்டன் மீட்டர். 30 டிகிரி திறந்தால் 102. அந்த நிலையில் கீலிலிருந்து ஸ்ட்ரட்டின் செங்குத்துத் தூரம் 0.25 மீ. என்றால், இரண்டு ஸ்ட்ரட்டில் ஒவ்வொன்றுக்கும் 204 நியூட்டன் தேவை.

சரியாக 204 வாங்கலாமா? கூடாது. குளிரில் வாயு அழுத்தம் குறையும். 20 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தால் 273-ஐ 293-ஆல் வகுத்த விகிதம், அதாவது சுமார் 7 சதவீத இழப்பு. 250 நியூட்டன் ஸ்ட்ரட் 233-க்கு இறங்கினாலும் தாங்கும். மூடிய நிலையில் அதே தூரம் 0.05 மீ. என்றால் ஸ்ட்ரட்டுகள் தருவது 25 நியூட்டன் மீட்டர்தான். ஆகவே மூடி தானாக எழும்பாது. பின் விளிம்பைத் தூக்க சுமார் 77 நியூட்டன், அதாவது 8 கிலோ பலம் போதும். ஒரு கையால் முடியும்.

கீல் எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் முக்கியம். முன்பக்கம் நங்கூரம் போட்ட படகு பெரும்பாலும் காற்றை நோக்கியே நிற்கும். கீல் பின்னால் இருந்தால் திறந்த வாய் காற்றை முழுங்கும். வேகம் விநாடிக்கு 15 மீ. என்றால் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 135 நியூட்டன். 1.08 ச.மீ. மூடி முழுவதும் விழுந்தால் 146 நியூட்டன், மூடியின் எடையில் முக்கால் பங்கு! கீல் முன்னால் இருந்தால் காற்று மூடியை மேலிருந்து அமுக்கும், மழைச்சாரலும் உள்ளே அவ்வளவாக வராது.

இன்னொன்று. மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் பலமெல்லாம் கீலைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். ஆகவே கீலுக்கு ஸ்குரூ போதாது. ஊடுருவும் போல்ட்டும், அடியில் தகடும் அவசியம்.

3. செய்யக்கூடாதவை

திறப்பை முன்பக்கம் நீட்டி வெட்டவே கூடாது. பாய்மரம் கூரைமேல் நிற்கும் படகில் அதன் அமுக்குவிசை முழுவதும் திறப்புக்கு முன்னால் உள்ள பாகத்தின் வழியாகத்தான் கீழே உள்ள தூணுக்குப் போகிறது. அதேபோல் திறப்பைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் விளிம்பைச் செதுக்கக் கூடாது. வெட்டியதால் போன விறைப்பைத் திருப்பித் தருவது அதுதான்.

கடைசியாக, தாழ்ப்பாள். மூடி தன் எடையாலேயே உட்கார்ந்திருக்கிறதே, தாழ்ப்பாள் எதற்கு என்று தோன்றலாம். பலத்த காற்றில் படகு பக்கவாட்டில் சாய்ந்து கூரை தண்ணீரைத் தொட்டால், பூட்டாத மூடி விலகும். அவ்வளவு பெரிய ஓட்டை வழியே கேபின் நிரம்ப அதிக நேரம் ஆகாது. நிமிரவேண்டிய படகு மூழ்கும், உள்ளே ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. பாய் ஏற்றும் முன் மூடியை இறக்கி, நான்கு மூலையும் பூட்டியாயிற்றா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்ப்பது போதாது.

ஆக நண்பர்களே, வசதிக்காக ஒரு திறப்பு வெட்டினால், அந்த வழியே போகிற பலத்துக்கும் வருகிற தண்ணீருக்கும் நாம்தான் பொறுப்பு. படகு என்றில்லை, நாளை நாம் எந்த இயந்திரத்தில் கைவைத்தாலும் முதலில் தட்டிப் பார்ப்போம், பிறகு கணக்குப் போடுவோம், அதன்பிறகே டிரில்லை எடுப்போம்.