தீபாவளிக்கு உறவினர் வருமுன் இல்லத்தார் செய்ய வேண்டுவன

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரமே எஞ்சியிருக்கும் இவ்வேளையில், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் வெளியூர்ப் பந்துக்களை எதிர்நோக்கியிருக்கின்றன. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் வாழ்விடம் இழக்கலாகாது என்னும் கருத்தோடு துன் வீ. தி. சம்பந்தனார் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும் பிற்காலத்தில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கு இடம்விட்டு மறைந்தமையால், ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் வளர்ந்த சகோதரர்களின் சந்ததியார் ஈப்போவிலும் சிரம்பானிலும் கிள்ளானிலுமாகப் பிரிந்துபோயினர். அவர்கள் ஒரு கூரையின்கீழ்க் கூடும் தினங்கள் ஆண்டில் மிகச் சில. அத்தினங்கள் அடுப்படியிலேயே கழிந்துவிடாதபடி, வேலைகளை இப்பொழுதிருந்தே பகிர்ந்து முடிப்பது விருந்தோம்புவோரின் முதற் கடமையாகும்.

இந்த வாரம்

யார் யார் வருகின்றனர், எத்தனை இரவு தங்குவர் என்பதை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்கால இ.டி.எஸ். ரயில் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடுமாதலால், வடக்கேயிருந்து வருவோரை உடனே பதிவு செய்யச் சொல்லுங்கள். ரயிலில் வருவோர் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலிலேயே இறங்கிக் கிள்ளானுக்குக் கொமுட்டர் ஏறலாம். விரைவுப் பேருந்தில் வருவோர் பெரும்பாலும் பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்தில் இறங்குவராதலின், அவர்களை அழைத்துவர ஒருவரை முன்னதாகவே நியமித்துவிடுங்கள். காரில் வருவோர், முந்திய நாள் மாலையில் நெடுஞ்சாலையில் ஏற்படும் நெரிசலைத் தவிர்க்க, ஒரு தினம் முன்னதாகவே புறப்படுவது உத்தமம்.

துணிகளைத் தையற்காரரிடம் இப்பொழுதே கொடுத்துவிடுங்கள். கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கடைசி வாரங்களின் சனி, ஞாயிறுகளில் கால்வைக்க இடமிராது; ஆகவே வார நாட்களின் காலைப்பொழுதில் சென்று வாங்குவது நேரத்திற்கும் சரீரத்திற்கும் நலம்.

மழையும் நீரும்

இது பருவக்காற்று மாறும் காலமாதலின், பிற்பகலில் இடியும் மழையும் அடிக்கடி நேரும். கூரைத் தாழ்வாரங்களிலும் பூந்தொட்டித் தட்டுகளிலும் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏழு முதல் பத்து தினங்களுக்குள் புதிய கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும். விருந்துக்கு வரும் குழந்தைகள் டெங்கிக் காய்ச்சலோடு ஊர் திரும்புவதைவிடத் துயரம் வேறென்ன உண்டு? தண்ணீர்த் தடையை எண்ணிப் பீப்பாய்களில் நீர் சேமிப்போர் அவற்றை இறுக மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, முட்டைகள் பாத்திரத்தின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்குமாதலால் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

பலகாரமும் படுக்கையும்

முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி ஆகியவற்றை இரண்டு வாரம் முன்னரே சுட்டு, முற்றும் ஆறியபின் காற்றுப் புகாத டின்களில் அடைக்கலாம். பால் சேர்ந்த இனிப்புகளைக் கடைசி இரு தினங்களுக்கு ஒதுக்குங்கள். மாவு பிசைவதும் அச்சுப் பிழிவதும் மருமகள் ஒருத்தியின் பாரமென விட்டுவிடுதல் தர்மமாகாது. ஆடவரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு வேலை ஏற்கட்டும்.

வயோதிகர்களுக்குக் கீழ்த்தளத்தில், குளியலறைக்கு அருகான அறையை ஒதுக்கி, வழுக்காத விரிப்பும் இரவு விளக்கும் வையுங்கள். இனிப்புநீர் வியாதியுள்ளோர் கொண்டுவரும் இன்சுலினுக்குக் குளிர்பெட்டியில் இடம் விடுங்கள். உறைபெட்டியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். அடுக்குமாடியில் வசிப்போர் விருந்தினர் வாகனங்களுக்கான அனுமதியையும் முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள்.

முந்திய தினமும் பண்டிகையும்

முன்னோருக்குப் படையலிடும் நேரத்தை அனைவருக்கும் முன்கூட்டியே அறிவித்து, அதற்குள் வந்துசேரும்படி வேண்டிக்கொள்ளுங்கள். அச்சமயத்தில் மூத்தவர் ஒருவர், யாருக்காகப் படைக்கப்படுகிறது, அவர் எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தார், இங்கிருப்போருக்கு என்ன முறை வேண்டும் என்று எடுத்துரைக்க, இளையவர் ஒருவர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும். பல இல்லங்களில் இந்த ஞாபகங்களைச் சுமப்பவர் ஒருவரோ இருவரோதான் எஞ்சியிருக்கின்றனர். இவ்வேலையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க வேண்டாம்.

விடியற்காலை எண்ணெய் ஸ்நானத்திற்கு முதியோரை முதலிலும் குழந்தைகளை அடுத்தும் அனுப்பினால் குழப்பமிராது. திறந்த இல்ல உபசரிப்புக்கு முஸ்லிம் நண்பர்களை அழைப்பவர்கள், ஹலால் உணவைத் தனிப் பாத்திரங்களில் ஏற்பாடு செய்து, வந்தவுடன் அதைத் தெரிவித்தால் அவர்கள் தயக்கமின்றி உண்பர். சமைத்த பதார்த்தங்களை, முக்கியமாகத் தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்புகளை, இந்த வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியே வைக்காமல், சிறிது சிறிதாகக் கொதிக்கவைத்துப் பரிமாறுங்கள்.

இவை யாவற்றிலும் முந்திச் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு. மனத்தாங்கலால் சில ஆண்டுகளாக வாராதிருக்கும் உறவினர் எவரேனும் இருப்பின், வீட்டுப் பெரியவரே தம் வாயால் அவர்களை அழைக்கட்டும். கடைசி வாரத்தில் வரும் அழைப்பு சம்பிரதாயமாகவே தோன்றும். மனம் இளகுவதற்கும் பிரயாணம் முடிவு செய்வதற்கும் அவர்களுக்கு அவகாசம் வேண்டும். ஆகையால் இன்று மாலையே பேசிவிடுங்கள்.