உன் ஃபோர்ஹேண்டைச் சொல்லிக்கொடுக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

போட்டிகளை விட்டுவிட்டுப் பயிற்சியாளராக இறங்கப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. தேசிய அளவில் ஆடியவர் என்ற பெயருக்கே பெற்றோர்கள் உன்னைத் தேடி வருவார்கள். ஆனால் கோர்ட்டில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. அவளுக்கு நீ எதைக் கொடுக்கப்போகிறாய்?

முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் முதலில் கொடுப்பது தங்கள் ஃபோர்ஹேண்டை. தாங்கள் பிடித்த பிடி, நின்ற நிலை, மட்டையை வீசிய விதம். அதைச் செய்யாதே. உன் தோளுக்கும் இடுப்புக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி பல ஆண்டுகளில் படிந்த வீச்சு அது. அவள் உடம்பு வேறு. வீச்சைத் திருத்தத் தெரிந்த நல்ல பயிற்சியாளர்கள் பலர் உண்டு, பெரிய போட்டி எதிலும் ஆடாதவர்கள் உட்பட. அவர்களிடம் இல்லாதது உன்னிடம் இருக்கிறது. 4-5, 30-40 என்று இருக்கும்போது இரண்டாவது சர்வ் போட நீ நின்றிருக்கிறாய். அந்த நேரத்தில் கை எப்படி இறுகும், புத்தி எந்தத் தப்பான பந்தை அடிக்கச் சொல்லும் என்பது உனக்குத் தெரியும். அதைக் கொடு.

இவான் லெண்டிலை எண்ணிப்பார். 1984 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் மெக்கன்ரோவிடம் முதல் இரண்டு செட்களை இழந்த பிறகு வென்றார். அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம் அது. அதற்கு முன் நான்கு இறுதிகளில் தோற்றிருந்தார். 2012 தொடக்கத்தில் அவர் ஆண்டி மர்ரேக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியபோது மர்ரே மூன்று இறுதிகளில் தோற்றிருந்தார். அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் பெடரரிடம் தோற்றதோடு அவருக்கும் கணக்கு நான்கானது. நான்கே வாரத்தில் அதே விம்பிள்டன் புல்தரையில் அதே பெடரரை வீழ்த்தி ஒலிம்பிக் தங்கம் வென்றார். அடுத்த மாதம் அமெரிக்க ஓப்பன். 2013-ல் விம்பிள்டன், 1936-ல் பிரெட் பெரிக்குப் பிறகு அதை வென்ற முதல் பிரிட்டிஷ் ஆண் அவர்தான். லெண்டிலோ விம்பிள்டனை ஒருமுறைகூட வென்றதில்லை, 1986, 1987 இரண்டு இறுதிகளிலும் தோற்றவர். தோற்ற மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக யார் சொல்லியிருக்க முடியும்? மர்ரேயின் பேக்ஹேண்டுக்கு அவர் தேவைப்படவில்லை.

பிராட் கில்பர்ட்டும் அப்படித்தான். பார்க்க அழகான ஆட்டம் அல்ல அவருடையது. எதிராளிக்கு எது பிடிக்காது என்று கவனித்துக் கவனித்தே உலகத் தரவரிசையில் நான்காம் இடம்வரை ஏறினார். 1994-ல் அகாசியிடம் சேர்ந்தபோது அவர் கொண்டுவந்தது அந்தக் கவனிப்பைத்தான். ஒவ்வொரு பந்தையும் பிரமாதமாக அடிக்க வேண்டியதில்லை, எதிராளியைத் தடுமாறவிடு என்றார். போட்டிக்கான சீடிங் பட்டியலில் இடம்பெறாமல் நுழைந்த அகாசி அந்த ஆண்டே அமெரிக்க ஓப்பனை வென்றார்.

நம் ஊர் கிருஷ்ணன் குடும்பத்தில் தந்தையின் ஆட்டம் மகனுக்கு வரவில்லையா என்று நீ கேட்கலாம். டி.கே. ராமநாதன் மகன் ராமநாதன் கிருஷ்ணனை உருவாக்கினார். கிருஷ்ணன் தன் மகன் ரமேஷை. தந்தை 1954-லும் மகன் 1979-லும் ஜூனியர் விம்பிள்டன் வென்றார்கள். இருவருக்குமே சர்வ் ஆயுதமாக இருந்ததில்லை. வழிவழியாக வந்தது வேகமல்ல, பந்தை எங்கே விழவைப்பது என்ற கண். அந்தக் கண்ணை வைத்துத்தான் ரமேஷ் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய உலக முதலிட வீரர் விலாண்டரை வென்றார்.

ஆகவே கூடையிலிருந்து நூறு பந்து எடுத்துப்போட்டு அடிக்கவைப்பதைப் பாதியாகக் குறை. மீதி நேரம் ஸ்கோர் வைத்து ஆடட்டும். ஒவ்வொரு கேமையும் 30-40-லிருந்து தொடங்கு. சர்வ் ஒன்றே ஒன்றுதான் என்று சொல். டைபிரேக்கை 4-5-லிருந்து ஆரம்பி. ஆட்டம் முடிந்ததும், “எதிரே ஆடியவள் உயரமாக வந்த பந்தை எந்தப் பக்கம் அடித்தாள்?” என்று கேள். முதல் வாரம் பதில் வராது. மூன்றாவது வாரம் அவளே சொல்லத் தொடங்குவாள். தோற்றுவிட்டு வந்த அன்று மட்டும் எதையும் திருத்தாதே. அவள் அப்பாவையும் அன்று பேசவிடாதே. இரண்டாவது கடினம், ஆனாலும் செய்.

ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து ஆலோசனை சொல்லச் சர்வதேச விதிகள் 2025 முதல் இடம் கொடுக்கின்றன. இரண்டு பாயின்ட்களுக்கு இடையே இருப்பது 25 விநாடி. துண்டால் துடைத்து, பந்து வாங்கி நிற்பதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். ஒரு விஷயத்துக்கு மேல் சொல்லாதே. எதுவும் சொல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது செட்டில் அவள் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளைப் பற்றி ஒன்று. நம் அகாடமிகள் பலவற்றில் ஏழு வயதுக் குழந்தையை மஞ்சள் பந்தோடு 23.77 மீட்டர் நீளக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். பந்து தலைக்கு மேல் எழும்புகிறது. பந்துப் பரிமாற்றம் இரண்டு அடிகளுக்கு மேல் நீடிப்பதில்லை. பாயின்ட் என்றால் என்னவென்றே தெரியாமல் ஓராண்டு ஓடிவிடுகிறது. சின்னக் குழந்தைகளுக்கான சிவப்புப் பந்து மஞ்சள் பந்தைவிடச் சுமார் 75 சதவீதம் மெதுவானது, அதற்கான கோர்ட் 11 மீட்டர்தான். அதில் முதல் மாதமே குழந்தை பாயின்ட் ஆடும், எதிராளியைப் பார்க்கும், ஏமாற்றவும் பழகும். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டது.

பெற்றோர்கள் முகம் சுளிப்பார்கள், விளையாட்டுச் சாமான் என்பார்கள். விட்டுக்கொடுக்காதே. முதல் மாத வருமானத்தில் சிவப்புப் பந்து இரண்டு டஜன் வாங்கிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்